பத்துக் கேள்விகள் கேட்கும் இடம்: வன்னியிலுள்ள ஓர் உளநலப் பிரிவு பற்றிய மதிப்புரை

ஏ9 வீதியிலிருந்து அதிக தூரமில்லாத அரச வைத்தியசாலையொன்றின் உளநலப் பிரிவைப் பற்றி இதை எழுதுகிறேன். வைத்தியசாலையின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் ஆளணியும் இடமும் போதாமையால் வருபவை. வன்னியின் வேறு பல வைத்தியசாலைகளுக்கும் அவை பொருந்தும் என்பதால் ஓரிடத்தை மட்டும் சுட்டுவது நியாயமாகப் படவில்லை. நான் அங்கு சென்றது எண்ணச் சுழற்சி நோய்க்காக, அதாவது ஓசிடி என்று பலரும் சொல்லும் நோய்க்காக. போகும்போது எனக்கு இருப்பது ஒரு நோய் என்பதே எனக்குத் தெரியாது. ஆகவே, தன்னிடமுள்ள அறிகுறிகளை ஒருவர் இனங்காண இந்தப் பிரிவு எவ்வளவு துணை செய்கிறது என்பதைத்தான் இங்கே அதிகமாக எழுதுகிறேன். அந்த வேலையை அவர்கள் மிகவும் நன்றாகச் செய்கிறார்கள். அதற்குப் பிறகு கிடைக்க வேண்டிய பயிற்சிச் சிகிச்சைதான் போதுமான அளவு கிடைப்பதில்லை.

எங்கள் ஊர்களில் இந்த நோயைக் கேள்விப்பட்டவர்கள் அதைக் கை கழுவிக்கொண்டே இருப்பவர்களின் நோய் என்றுதான் கேள்விப்பட்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முற்றம் கூட்டாமல் விட்ட நாட்களும் என் வீட்டில் உண்டு. அதனால் ஓசிடி பற்றிய துண்டுப்பிரசுரமொன்றை வாசித்தபோதுகூட அது என்னைப் பற்றியது என்று தோன்றவில்லை. என்னிடம் இருந்தவை வேறு இரண்டு. இரவில் காஸ் அடுப்பையும் படலைப் பூட்டையும் பார்த்துவிட்டு வந்து படுத்த பிறகு, பார்த்தது சரிதானா என்ற ஐயம் எழும்பி, மறுபடியும் போய்ப் பார்ப்பது ஒன்று. மற்றது, மகன் பிறந்து சில மாதங்களில் தொடங்கியது. அவனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனால், 'இவனை உள்ளே போட்டுவிடுவேனோ' என்ற எண்ணம், நான் அழைக்காமலேயே வந்து நிற்கும். நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை அவன். அவனுக்கு ஒரு தடிமன் வந்தாலே நித்திரை கொள்ளாத எனக்குள் இப்படியொரு எண்ணம் ஏன் வருகிறது என்று யாரிடம் கேட்பது?

கிணற்றடிக்குப் போவதை முதலில் விட்டேன். தண்ணீரை மாமி அள்ளித் தந்தார். பிறகு பிள்ளையுடன் தனியே இருப்பதையும் தவிர்த்தேன். எண்ணம் வரும் ஒவ்வொரு தடவையும் வற்றாப்பளை அம்மனின் பெயரை ஒரு குறித்த எண்ணிக்கை வரும்வரை மனதுக்குள் சொல்வேன். இடையில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே பார்ப்பவர்களுக்கு நான் சும்மா இருப்பதாகவே தெரியும். பிள்ளைப்பெற்ற உடம்பில் ஏதோ பார்வை பட்டுவிட்டது என்று மாமி நூல் கட்டுவித்தார். அவருடைய அன்பில் எந்தக் குறையும் இல்லை. நூல் கட்டியபின் இரண்டொரு நாள் நெஞ்சு அமைதியாக இருந்ததும் உண்மை. ஆனால் பிறகு அந்த நூல் அவிழ்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் என்னுடைய வேலைகளில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

பிள்ளையை நிறுத்துப் பார்க்க வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர்தான் நான் கிணற்றுப் பக்கம் திரும்புவதேயில்லை என்பதைக் கவனித்தார். அதிகம் கேட்கவில்லை, ஒரு கடிதம் எழுதித் தந்து உளநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். வன்னியில் இந்தச் சேவைக்கான வாசல் பெரும்பாலும் இப்படித்தான் திறக்கிறது. கடிதம் இல்லாமல் வெளிநோயாளர் பிரிவினூடாகப் போனாலும் பார்க்கிறார்கள்.

முதல் நாள் மூத்த தாதிய உத்தியோகத்தர் ஒருவர் விபரம் எழுதிக்கொண்டார். எனக்கிருந்த அச்சம், இதைச் சொன்னால் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்பது. அதனால் நித்திரை வருவதில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளை, சொல்ல வெக்கமான நினைப்பு ஏதும் திரும்பத் திரும்ப வருதோ? இஞ்ச வாற கனபேருக்கு அது வாறதுதான்" என்றார். 'கனபேர்' என்று அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு மூச்சு வந்தது. அதன் பிறகு உள்ளே இருந்த மருத்துவரிடம் கிணற்றைப் பற்றிச் சொல்ல முடிந்தது.

மருத்துவர் அதிர்ச்சியடையவில்லை. அந்த எண்ணம் எனக்கு விருப்பத்தைத் தருகிறதா அச்சத்தைத் தருகிறதா, யாராவது காதில் சொல்வதுபோல் கேட்கிறதா அல்லது என்னுடைய எண்ணமாகவே இருக்கிறதா, உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரசவத்தின் பின் வரக்கூடிய வேறு தீவிரமான நோய்களிலிருந்து இதைப் பிரித்தறிய அந்தக் கேள்விகள் அவசியம் என்பதை விளக்கினார். குரல் கேட்பவர்களும், செய்துவிட வேண்டும் என்ற உந்துதல் உள்ளவர்களும், உயிரை மாய்க்க நினைப்பவர்களும் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டும் என்பதையும் அழுத்தமாகச் சொன்னார். அதன் பிறகு அவர் கேட்ட ஒரு கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது: "அந்த நினைப்பு வந்த பிறகு நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

இந்த நோயை ஒருவர் தன்னில் இனங்காண வேண்டுமானால் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று நான் நம்புகிறேன். வேண்டாத எண்ணம் வருவது நோயல்ல. இலங்கையரான உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் ஸ்டான்லி ரக்மனும் 1978 இல் வெளியிட்ட ஆய்வில், நோய் எதுவும் இல்லாதவர்களிலேயே ஏறத்தாழ 80 வீதமானோர் இத்தகைய எண்ணங்கள் தமக்கும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். உயரத்தில் நிற்கும்போது குதித்துவிடுவேனோ என்பதும், சாமி சன்னிதியில் தகாத சொல் மனதில் ஓடுவதும் அந்த வகையைச் சேர்ந்தவைதாம். பெரும்பாலானோருக்கு அவை வந்த சுவடில்லாமல் போய்விடுகின்றன. நோய் உள்ளவர் அந்த எண்ணத்துக்குப் பொருள் தேடுகிறார். அது தன் குணத்தைக் காட்டுகிறது என்று நடுங்குகிறார். அதை அழிப்பதற்கு ஒரு செயலைச் செய்கிறார். அந்தச் செயல் சற்று நேரம் ஆறுதல் தருகிறது. அந்த ஆறுதலே மறுமுறையும் அதையே செய்ய வைக்கிறது. என் விடயத்தில் பெயர் சொல்லி எண்ணியதும், கிணற்றைத் தவிர்த்ததும், கணவரிடம் "நான் அப்படிச் செய்ய மாட்டன்தானே?" என்று நாளெல்லாம் கேட்டதும் அந்தச் செயல்கள். எண்ணியதை நான் பக்தி என்றும், தவிர்த்ததைப் பொறுப்பு என்றும் நினைத்திருந்தேன்.

வன்னியில் வாழ்பவர்களுக்கு இந்தப் பிரித்தறிதல் இன்னும் கடினமானது. மருத்துவர் எங்கள் வாழ்க்கையை அறிந்தவராக இருந்தது இந்தச் சேவையின் பெரிய பலம். செத்த வீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறோம். உரித்துக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு இருக்கிறது. அந்த முழுக்கு ஒரு தடவையுடன் முடிந்துவிடும். ஊரெல்லாம் அதையே செய்யும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியுடன் துடக்கும் கழியும். முழுகிய பிறகும் கழியவில்லை என்ற ஐயத்தில் மறுபடி மறுபடி வாளியை இறக்குபவரிடம் இருப்பது வழக்கம் அல்ல. கோடையில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கிய பிறகும் அவரால் நிறுத்த முடிவதில்லை, கை வெடித்து இரத்தம் கசிந்தாலும் சவர்க்காரத்தை வைக்க முடிவதில்லை என்றால், அவர் உளநலப் பிரிவுக்குப் போக வேண்டியவர்.

போர் விட்டுச்சென்ற எச்சரிக்கையும் இப்படித்தான். 2009 இன் பின் ஊர் திரும்பிய எங்களுக்கு, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். துப்புரவு செய்யாத காணிக்குள் பிள்ளைகளை விட மாட்டோம். அது நியாயமான எச்சரிக்கை. மிதிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியானபின் அந்தக் காணியை உழுகிறோம், விதைக்கிறோம். போர் போன்ற பேரதிர்ச்சிகளின் பின் வரும் மனவடு நோயில் நடந்து முடிந்தவை நேரில் நடப்பதுபோல் மீண்டும் வந்து வருத்துகின்றன. எண்ணச் சுழற்சி நோயிலோ நடக்காத ஒன்று, நடந்துவிடுமோ, என்னால் நடந்துவிடுமோ என்ற வடிவில் வருகிறது. எத்தனை தடவை உறுதி செய்தாலும் அந்த உறுதி நிலைப்பதில்லை. ஒரே ஆளிடம் இரண்டு நோயும் இருக்கலாம். எல்லாவற்றையும் 'போர் தந்த பயம்' என்று சொல்லி அனுப்பிவிடாமல் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டறிந்ததற்காகவே இந்தப் பிரிவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அதன் பிறகு ஒரு படிவம் தந்தார்கள். யேல்-பிரவுன் அளவுகோல் என்பது அதன் பெயர். வெய்ன் குட்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி 1989 இல் வெளியிட்ட இந்த அளவுகோலைத்தான் உலகெங்கும் இந்த நோயின் கடுமையை அளக்கப் பயன்படுத்துகிறார்கள். பத்துக் கேள்விகள், முதல் ஐந்து எண்ணங்களைப் பற்றியவை, அடுத்த ஐந்து செயல்களைப் பற்றியவை. அவை நாளில் எவ்வளவு நேரத்தை எடுக்கின்றன, வேலையையும் உறவுகளையும் எவ்வளவு குழப்புகின்றன, எவ்வளவு வேதனை தருகின்றன, நீங்கள் எவ்வளவு எதிர்த்து நிற்கிறீர்கள், எவ்வளவு கட்டுப்படுத்த முடிகிறது என்று இரு பகுதியிலும் கேட்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 40. 8 முதல் 15 வரை இலேசானது, 16 முதல் 23 வரை நடுத்தரம், 24 முதல் 31 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது.

இந்தப் படிவம் எனக்குச் செய்த உதவி முதற்கேள்வியிலேயே தொடங்கியது. நேரத்தைக் கணக்கிட நான் ஒருபோதும் முயன்றதில்லை. ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவு, ஒன்று முதல் மூன்று, மூன்று முதல் எட்டு, எட்டுக்கு மேல் என்று பிரித்துக் கேட்டபோது, காலையில் எழுந்தது முதல் நடந்ததை யோசித்தேன். இரவில் பூட்டுப் பார்த்த நேரம், தேநீர் ஆற வைத்துவிட்டு மனதுக்குள் எண்ணிய நேரம், கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்ட நேரம் எல்லாவற்றையும் கூட்டியபோது, நான் வைக்க வேண்டிய அடையாளம் மூன்றாம் பெட்டியில் போய் நின்றது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட வகைப்பாடும் நேரத்தைக் குறிப்பிடுகிறது: நாளொன்றில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தாலோ, நேரம் எவ்வளவாயினும் கடும் துயரத்தையோ அன்றாட வாழ்க்கைக்கு இடையூறையோ தந்தாலோ அது நோயாகக் கருதப்பட வேண்டியது. பூட்டை இரண்டு தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை.

படிவத்திலும் குறை இல்லாமல் இல்லை. அது நோயின் கடுமையை அளக்கிறதே தவிர, நோய் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பதில்லை. தொலைபேசியில் தேடி எடுத்து நிரப்பிவிட்டுத் தமக்குத் தாமே நோய்ப் பெயர் சூட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேலும், 'செயல்' என்று கேட்டால் பலரும் கையால் செய்வதை மட்டுமே சொல்வார்கள். மனதுக்குள் எண்ணுவதும், செபிப்பதும், நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதும், பிறரிடம் உறுதிமொழி கேட்பதும் அதில் அடங்கும் என்பதை அந்தத் தாதிய உத்தியோகத்தர் எனக்குப் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்திராவிட்டால் நான் செயல்கள் பகுதியில் பாதிக்கு மேல் பூச்சியம்தான் போட்டிருப்பேன். என்னிடம் தந்த பிரதி பல தடவை ஒளிப்படப் பிரதி எடுத்து மங்கிப்போன தாள். கண்பார்வை குறைந்தவர்களால் அதை வாசிக்கவே முடியாது.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவுசெய்யப்படும் செர்ட்ரலின் என்ற மருந்தைத் தந்தார்கள். இந்த நோய்க்கு மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடிய அளவு தேவைப்படலாம் என்றும், முழுப் பயன் தெரிய 8 முதல் 12 கிழமைகள் செல்லலாம் என்றும், சுகமாக இருக்கிறது என்று திடீரென நிறுத்தக் கூடாது என்றும் முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் முதல் மாதத்திலேயே நம்பிக்கை இழந்திருப்பேன். எல்லாம் இலவசம். சில மாதங்களில் மருந்து கையிருப்பில் இல்லாமல் வெளியே மருந்துக் கடையில் வாங்க வேண்டியிருந்தது.

மருந்துடன், அச்சத்தை எதிர்கொண்டு, வழக்கமான செயலைச் செய்யாமல் இருக்கும் பயிற்சியை உளவளத்துணையாளர் தருகிறார். 1966 இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் முதலில் விபரித்த முறையிலிருந்து வளர்ந்த பயிற்சி இது. எனக்கு அவர் போட்டுத் தந்த ஒழுங்கு எளிமையானது: முதலில் கிணற்றைத் தூரத்திலிருந்து பார்ப்பது, பிறகு தனியே கட்டருகில் நிற்பது, பிறகு மகனைத் தூக்கிக்கொண்டு நிற்பது. எங்கள் கிணற்றுக்கு இடுப்பளவு கட்டு இருக்கிறது. கட்டில்லாத கிணறாக இருந்திருந்தால் வேறு ஒழுங்கு போட்டிருப்பார். கட்டில் ஒரு கையை வைத்து, கப்பியில் தொங்கும் வாளியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பிள்ளையின் வியர்த்த தலை என் தோளில் இருக்க, அம்மனின் பெயரை எண்ணாமல் நின்றது எனக்கு மிகக் கடினமான வேலை. நெஞ்சு அடித்தது, பிறகு அடிப்பது குறைந்தது. எண்ணம் வந்துகொண்டுதான் இருந்தது. அது வந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடிந்தது.

கணவரையும் மாமியையும் கூப்பிட்டுப் பேசியதை இந்தப் பிரிவின் இன்னொரு சிறப்பாகச் சொல்வேன். "ஒண்டும் நடக்காது, நீ செய்ய மாட்டாய்" என்று கணவர் ஒவ்வொரு தடவையும் தந்த ஆறுதலும் நோய்க்குத் தீனியாகிறது என்பதை அவர்கள் மனம் நோகாமல் விளக்கினார்கள். இப்போது நான் கேட்டால் அவர், "டொக்டர் இதுக்குப் பதில் சொல்ல வேண்டாம் எண்டவர்" என்று சொல்லிவிட்டு என் அருகில் இருந்துகொள்வார். மாமிக்கு அதைப் புரிந்துகொள்ளச் சற்றுக் காலம் எடுத்தது. ஆனாலும் அவர் கிளினிக் நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருபோதும் மறுத்ததில்லை.

இனிக் குறைகள். முதலாவதும் மிகப் பெரியதும் அந்தரங்கம் இல்லாதது. மருத்துவரின் அறையை ஒரு துணித் திரைதான் பிரிக்கிறது. வாங்கிலில் காத்திருப்பவர்களுக்கு உள்ளே பேசுவது கேட்கிறது. இந்த நோயில் ஒருவர் சொல்ல வேண்டியவை எத்தகைய எண்ணங்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணத்தையும், பாலுறவு பற்றிய அருவருப்பான எண்ணத்தையும், தெய்வ நிந்தனையையும் ஊரவர் காதுபடச் சொல்ல யாரால் முடியும்? பலர் நித்திரைக் குறைவு என்று மட்டும் சொல்லி மருந்துடன் திரும்பிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். ஒரு பலகைத் தடுப்பும் ஒரு கதவும் போட்டாலே இந்தச் சேவையின் தரம் பெரிதும் உயரும்.

இரண்டாவது, உளவளத்துணையாளரின் நேரம். இந்தப் பயிற்சி கிழமைக்கு ஒரு தடவையாவது நடக்க வேண்டும். எனக்குக் கிடைத்த திகதிகளுக்கிடையில் நீண்ட இடைவெளி இருந்தது. அதற்குள் பழைய பழக்கம் தலைதூக்கியது. அவர் ஒருவரே மதுப்பழக்கத்துக்கும், மனவடுவுக்கும், குடும்பப் பிணக்குக்கும் துணை செய்கிறார் என்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காத்திருப்பு மூன்றாவது: முதல் பஸ்ஸில் போனாலும் மதியத்துக்குப் பிறகுதான் திரும்பலாம். மாரியில் உள்வீதிகளில் வெள்ளம் நின்றால் பஸ்ஸும் நிச்சயமில்லை.

இந்த நோய் வாழ்நாளில் 100 பேரில் சுமார் இரண்டு பேருக்கு வருகிறது. ஆணென்றும் பெண்ணென்றும் பெரிய வேறுபாடு இல்லை. பலருக்குப் பள்ளிப் பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டுகிறது. அப்படியானால் எங்கள் ஊர்ப் பாடசாலைகளிலும் வயல்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இதை யாருக்கும் சொல்லாமல் சுமப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்க வேண்டும். கொப்பியில் எழுதிய வரியை அழித்தழித்து எழுதும் மாணவர், வரம்பில் மண்வெட்டியை நேராக வைத்தேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பவர், கோயிலுக்கு வர மறுக்கும் பக்தியான பெண் ஆகியோரில் சிலருக்கேனும் இந்தப் பிரிவின் பத்துக் கேள்விகள் போய்ச் சேர வேண்டும் என்பது என் விருப்பம்.

போக விரும்புபவர்களுக்குச் சில விபரங்கள். அடையாள அட்டையையும், முன்னர் எடுத்த மருந்துகளின் விபரத்தையும், ஒரு புதிய கொப்பியையும் கொண்டு போங்கள். கிளினிக் கொப்பியாக அதைத்தான் பயன்படுத்துவார்கள். வரும் எண்ணத்தையும், அதற்குப் பிறகு செய்வதையும், அதற்கு எடுக்கும் நேரத்தையும் சில நாட்களுக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்தத் தாளாக நீட்டலாம். திரைக்கு வெளியே யாருக்கும் கேட்காது. வைத்தியசாலைக்குப் போக இன்னும் துணிவு வராதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். பதிவு மேசையில் காரணம் கேட்டால் உளநலப் பிரிவுக்கு என்று சொன்னால் போதும்; துண்டு தந்து வழி காட்டுவார்கள், அங்கே வேறெதையும் விளக்க வேண்டியதில்லை.